ஊஞ்சலோடு சேர்ந்து வந்த மனை

சித்தெ நகந்து உக்காருங்க அம்முணி, இந்தத் தேங்காப் பழப் பையை மடியில வெச்சுக்கறன். அப்பாடா. பின்னால மூணு சீட்டு காலியா இருக்குது, இந்தம்மா ஏன் இங்க வந்து இடிச்சுட்டு உக்காருதுன்னு பாக்கறீங்க. எல்லாம் உங்க கையில இருக்கற அந்த மஞ்ச நோட்டீசுதான். மனை விக்கற நோட்டீசுதானுங்களே? அதைப் பார்த்தா எனக்குக் கால் நிக்காது. சிரிப்பும் வந்துரும். உங்களைப் பார்த்துச் சிரிக்கலைங்க, என்னை நெனச்சுத்தான்.

அட்வான்ஸ் குடுத்துட்டீங்களா? இன்னும் இல்லையா? இப்பத்தான் போறீங்களா? அப்பச் சரி, நேரம் இருக்குது. பல்லடம் போறதுக்குள்ள சொல்லி முடிச்சர்றன். எம் பேரு மயிலாத்தா. அந்தா முன்னால, நீலச் சட்டை, கம்பியில தலையைச் சாச்சுட்டுத் தூங்கறாரு பாருங்க, அவருதான் எங்கூட்டுக்காரரு. பஸ்ஸு கெளம்பறதுக்குள்ள தூங்கிப்போட்டாரு. அவருக்கு எல்லாமே அப்படித்தான், சத்தமே வராது.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருசம். இந்த இருபத்தேழு வருசத்துல ஏழு வாடகை ஊடு. ஏழு ஓனருங்களும் குடி வரப்ப சொன்ன மொத வார்த்தை ஒண்ணேதான். செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. வாடகை எவ்வளவுன்னு கூட அப்புறந்தான் சொல்லுவாங்க. மூணாவது ஊட்டு ஓனரம்மா மாசா மாசம் டார்ச் லைட்டு எடுத்துட்டு வந்து செவுரு செவுராத் தடவிப் பார்க்கும். என்ற மாகாளியம்மன் படம் இருக்குதே, கல்யாணச் சீரோட வந்தது, அதை மாட்ட ஒரு எடமில்லைங்க. அரிசி டின்னு மேல சாச்சு வெப்பன். அரிசி எடுக்கறப்பெல்லாம் அம்மனைத் தூக்கிக் கட்டல்ல படுக்க வெப்பன். அஞ்சாவது ஊட்டுல பசை போட்டு ஒட்டற கொக்கி வாங்கி மாட்டுனன். ரெண்டு நாள் நின்னுச்சு. மூணாம் நாள் அம்மன் நேரா ரசத்துல எறங்கிப்போட்டா.

அன்னிக்கு முடிவு பண்ணிப்போட்டன். சந்தையில போயி ரெண்டங்குல ஆணி ஒண்ணே ஒண்ணு வாங்குனன். கடைக்காரரு ஒத்தை ஆணியெல்லாம் தர மாட்டன்னு சொன்னாரு, சண்டை போட்டு வாங்குனன். மஞ்சத் துணியில முடிஞ்சு அம்மன் படத்துக்குப் பின்னால வெச்சன். சொந்த ஊட்டுல மொதச் செவுரு எந்திரிச்சதும் என்ற கையாலயே அந்த ஆணியை அடிச்சு, அம்மனை மாட்டோணும். ஆறு வருசம் அந்த ஆணி காத்துட்டே இருந்துச்சுங்க. துருப் புடிக்காம இருக்கோணும்னு மாசம் ஒருக்கா புளி போட்டுத் தேய்ப்பன். பித்துன்னு சொல்லுங்க, பரவாயில்லை.

போன சித்திரையில பொங்கியண்ணன்னு ஒரு தரகரு வந்தாரு. வெள்ளைச் சட்டை, பாக்கெட்டுல ரெண்டு போனு, நெத்தியில பெரிய குங்குமம். இவ்வளவு குங்குமம் வெச்ச மனுசன் பொய் சொல்ல மாட்டாருன்னு நானாவே நெனச்சுட்டன். பொன்மயில் நகர்னு ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. போயி நின்னதும் செருப்பைக் கழட்டிப்போட்டனுங்க. ரெண்டு பக்கம் ரோடு. நாலு வேப்ப மரம். மனையைச் சுத்தியும் கல்லு பதிச்ச நடைபாதை. நெழலுக்கு அடியில உக்கார சிமெண்டுத் திண்டு நாலு. ஒரு மூலையில ஊஞ்சலு, இன்னொரு மூலையில சறுக்கு. எந்த மனையில இதெல்லாம் இருக்குது, சொல்லுங்க?

நானும் கேட்டனுங்க, கேக்காம இல்லை. ஊஞ்சலு எப்படி இங்க வந்துச்சுன்னு கேட்டன். இந்த மனைக்காரரு வெளிநாட்டுல இருக்கறாரு, கொழந்தைங்கன்னா அவருக்கு உசுரு, எல்லாத்தையும் மனையோட சேர்த்தே குடுத்தர்றாருன்னு பொங்கியண்ணன் சொன்னாரு. நல்ல மனசுக்காரருன்னு சொல்லி அவருக்கு ஒரு கும்பிடு போட்டன். எங்கூட்டுக்காரரு ஊஞ்சலை ஒருக்கா ஆட்டிப் பார்த்தாரு. கிரீச்சுன்னு கத்துச்சு. அவரு ஊஞ்சலைப் பார்த்தாரு, தரகரைப் பார்த்தாரு, வாயைத் தொறந்தாரு. நான் விடலைங்க. மில்லுல பிட்டரு வேலை பார்த்துப் பார்த்து இவருக்கு எதைப் பார்த்தாலும் எங்கியோ ஒரு திருகு கழண்டிருக்கற மாதிரியே தெரியும்.

சாயங்காலம் வரைக்கும் அங்கியே இருந்தம். அஞ்சு மணியாச்சு. அக்கம்பக்கத்து சனமெல்லாம் ஷூவு போட்டுட்டு வந்து எங்க மனையைச் சுத்திச் சுத்தி நடக்கறாங்க. கோயலைச் சுத்தற மாதிரி. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. எத்தன ராசியான எடமா இருந்தா ஊரே வந்து சுத்தும்! அஞ்சாறு கொழந்தைங்க வந்து சறுக்குல வெளையாடுச்சுங்க. நாங்க ஊடு கட்டுனதுக்கப்புறமும் நீங்க வந்து வெளையாடலாம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டன்னு பெரிய மனசு பண்ணிச் சொன்னன். அதுங்க என்னை ஒரு மாதிரி பார்த்துச்சுங்க.

விசாரிக்காம வாங்கப் பார்த்தன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது. என்னாட்ட விசாரிச்சவ இந்தச் சில்லாவுலயே இருக்க மாட்டா. நீரோட்டம் பாக்கறவரைக் கூட்டிட்டு வந்து தேங்காயை உள்ளங்கையில நிறுத்திப் பார்த்தம், அது ஊஞ்சலுக்குப் பக்கத்துல ஜம்முனு எந்திரிச்சு நின்னுச்சு. வாஸ்துக்காரரு வந்து ஈசானிய மூலை காலியாக் கெடக்குது, இது மாதிரி எடம் நூத்துல ஒண்ணுன்னாரு. ஒரு பசு மாடு தானா வந்து நடு மனையில படுத்துச்சு. இதுக்கெல்லாம் மேல, எங்க மாகாளியம்மன் கோயல்ல பூக் கேட்டன். உங்க பக்கம் பூக் கேக்கறது உண்டுங்களா? வெள்ளைப் பூவு எலயில மடிச்சு ஒரு பொட்டலம், செவ்வரளி அதே மாதிரி ஒரு பொட்டலம். மனசுல கேள்வியை நெனச்சுட்டு ரெண்டையும் அம்மன் காலடியில போடோணும். பூசாரி கண்ணை மூடிட்டு ஒண்ணை எடுத்துக் குடுப்பாரு. வெள்ளை வந்தா ஆகும். செவப்பு வந்தா ஆகாது.

அஞ்சு வெள்ளிக்கெழமை, அஞ்சு கேள்வி கேட்டன். தண்ணி வருமா? வெள்ளை. வாசப்படி கெழக்கால வெக்கலாமா? வெள்ளை. மாடிப்படி உள்ளயா வெளியயா? அதுக்கும் வெள்ளை வந்துச்சு, உள்ளன்னு வெச்சுட்டன். அக்கம்பக்கம் ஒத்து வருமா? வெள்ளை. வரப்போற மருமகளுக்கு அந்தச் சமையக்கட்டு புடிக்குமா? அதுக்கும் வெள்ளை, பையனுக்கு இன்னும் பொண்ணே பாக்கலை. எங்கூட்டுக்காரரு அப்பத்தான் ஒரு வார்த்தை சொன்னாரு. ஊராட்சி ஆபீசுல இந்த நகரோட வரைபடம் இருக்கும், அங்க ஊடு கட்ட விடுவாங்களான்னு ஒரு எட்டு போயிக் கேட்டுட்டு வந்தரலாம்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அம்மனே அஞ்சு தடவை வெள்ளை குடுத்துட்டா, ஆபீசுல இருக்கறவங்க என்ன பெருசா குடுத்தரப் போறாங்கன்னு கேட்டன். அவரு சோத்தைப் பெசஞ்சாரு. 

ஆனா ஒண்ணு அம்முணி. அஞ்சு கேள்வியும் கேட்டன். இங்க ஊடு கட்ட விடுவாங்களான்னு மட்டும் கேக்கலை. அம்மன் என்ன பண்ணுவா? கேட்டதுக்குத்தானே அவ பதில் சொல்லுவா.

மனைக்கு நம்பரு நாப்பத்தொண்ணு ஏ. அந்த ஏ எதுக்குன்னு இவரு கேட்டாரு. ஏ-ன்னா மொதத் தரம்னு பொங்கியண்ணன் சொல்லிப்போட்டாரு. எனக்கு அந்த ஏ ரொம்பப் புடிச்சுப் போச்சு. என்ற ரெண்டு வளையலும் அட்வான்ஸாப் போச்சு. எங்கம்மா போட்டு அனுப்புன வளையலுங்க அது. கை வெறும் கையா இருந்தாலும் மனசு நெறஞ்சு கெடந்துச்சு. பாக்கறவங்ககிட்டயெல்லாம் சொல்லுவன், எங்க மனையில ஊஞ்சலு இருக்குதுன்னு.

பத்திரப் பதிவு ஒரு புதங்கெழமைன்னு பேசி முடிச்சம். ஆனா வாஸ்து நாளு அதுக்கு மூணு நாளைக்கு முன்னாலயே, ஞாயித்துக்கெழமை வந்துருச்சு. அதை விட்டா அப்புறம் ஆடி. ஆடியில யாரு பூமி பூசை போடுவா? பதிவு முடியட்டும்னு இவரு சொன்னாரு. நான் அழுதன். பொங்கியண்ணன் தாராளமாப் போட்டுக்குங்கன்னாரு. அவருக்குத்தான் எத்தன பெரிய மனசுன்னு இருந்துச்சு எனக்கு.

அதுக்கு முந்துன திங்கக்கெழமை இவரு மில்லுக்கு லீவு போட்டாரு. பல்லு வலி, டாக்டருகிட்டப் போறன்னாரு. சாயங்காலம் வந்தாரு, சோறு எறங்கலை. எந்தப் பல்லுன்னு கேட்டன். ரோசனை பண்ணிச் சொன்னாரு. அந்த வாரம் பூராவும் ஒரு மாதிரியாவே இருந்தாரு. சனிக்கெழமை நான் ஆணிக்குப் புளி போட்டுத் தேச்சுட்டு இருக்கறன், எதுத்தாப்புல வந்து உக்காந்தாரு. என்னமோ சொல்ல வந்தாரு. நான் ஆணியைத் தூக்கிக் காட்டி, எப்படி மின்னுது பாருங்கன்னன். எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. பாவம், பல்லு வலி அந்தளவுக்கு.

ஞாயித்துக்கெழமை வந்துச்சு. பட்டுச் சேலை கட்டிட்டு, ஆணியை முந்தானையில முடிஞ்சுட்டுப் போனன். ஐயரு வந்துட்டாரு, வெளக்கு வெக்க ஒரு பலகை வேணும்னாரு. நான் சுத்தும் முத்தும் பார்த்தன். வேலி ஓரத்துல, முள்ளுக்குள்ள, பெரிய தகரப் பலகை ஒண்ணு குப்புறக் கெடந்துச்சு. நானே இழுத்துட்டு வந்தன், இவரு குனிஞ்சு அதோட அடியில எட்டிப் பார்த்தாரு. மஞ்சத் தண்ணி தெளிச்சு, கோலம் போட்டு, வெளக்கு, தேங்கா, பழம், செங்கல்லு எல்லாத்தையும் அது மேல வெச்சன். அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருந்துச்சு. அம்மன் குடுத்த பலகைன்னு ஐயருகிட்டச் சொன்னன். அதுல பொய்யே இல்லைங்க, பின்னால பாருங்க.

காலையில நடக்கற சனமெல்லாம் கூடிப்போச்சு. ஷூவு போட்ட ஒரு டீச்சரம்மா வந்து, இப்பவாவது பூசை போட்டு வேலையை ஆரம்பிச்சீங்களே, மொதல்ல அந்த ஊஞ்சலுக்கு எண்ணெய் போடுங்கன்னு சொன்னாங்க. என்ற ஊஞ்சலு மேல ஊருக்கே எத்தன அக்கறைன்னு பூரிச்சுப் போயி, நானே போடறங்கன்னு வாக்குக் குடுத்தன். எல்லாருக்கும் குங்குமம் வெச்சு, கிரகப்பிரவேசத்துக்கும் வந்தரோணும்னு அழைச்சன். டீச்சரம்மா, யாரு ஊட்டு கிரகப்பிரவேசம்னு கேட்டாங்க. எங்க ஊட்டுதுதான், இங்கதான்னன். அவங்க நெத்தியைச் சுருக்குனாங்க. அதுக்குள்ள பொங்கியண்ணனும் வந்து சேர்ந்தாரு, ஐயரு மொதக் கல்லை எடுக்கச் சொல்லிட்டாரு.

அப்ப எங்கூட்டுக்காரரு எந்திரிச்சாரு அம்முணி.  வெளக்கை எடுத்து அக்கட்ட வெச்சாரு. தேங்காயை எடுத்து வெச்சாரு. பழத்தை, செங்கல்லை, எல்லாத்தையும் ஒவ்வொண்ணா பத்திரமா எறக்கி வெச்சாரு. பைத்தியம் புடிச்சுப் போச்சுன்னு நெனச்சன். குனிஞ்சு பலகையைப் புடிச்சு அப்படியே திருப்பிப் போட்டாரு. என்ற கோலம் பூரா மண்ணாப் போச்சு. பலகை துருப் புடிச்சுத்தான் கெடந்துச்சு, ஆனா எழுத்து நல்லாத் தெரிஞ்சுது. ஊராட்சிப் பூங்கா. குழந்தைகள் விளையாடும் இடம். இங்கு கட்டடம் கட்டக் கூடாது.

நான் மூணு தடவை படிச்சன். நாலாவது தடவையும் அதேதான் இருந்துச்சு.

பொங்கியண்ணன், அது எங்கிருந்தோ காத்துல பறந்து வந்த பலகைன்னு ஆரம்பிச்சாரு. அந்தத் தகரத்தை இழுக்கறதுக்கே எனக்கு மூச்சு வாங்கிப்போச்சு, அது காத்துல பறக்குமா? எங்கூட்டுக்காரரு சட்டைப் பையில இருந்து ஒரு காயிதத்தை எடுத்து, பிரிச்சு, செங்கல்லு மேல விரிச்சாரு. பொன்மயில் நகரோட வரைபடம். கட்டம் கட்டமா மனை, ஒவ்வொண்ணுக்கும் நம்பரு. தரகரை மரியாதையாக் கூப்புட்டு உக்கார வெச்சாரு.

"நாப்பத்தொண்ணு ஏ எங்க இருக்குது? தொட்டுக் காட்டுங்க."

அவ்வளவுதான் சொன்னாரு. பொங்கியண்ணன் வெரலை வெச்சாரு. நாங்கெல்லாம் அந்த வெரலையே பாக்கறம். முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பது, நாப்பத்தொண்ணு. அதுக்கு அக்கட்டால பச்சை அடிச்ச ஒரு பெரிய கட்டம். வெரலு அந்தப் பச்சைக்குள்ள போச்சு, சுட்ட மாதிரி வெளிய வந்துச்சு. மறுக்கா ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சாரு. டீச்சரம்மா பக்கத்துல குனிஞ்சு சத்தமா எண்ணிக் குடுத்தாங்க. நாப்பத்தொண்ணோட மனை முடிஞ்சு போகுது. வெரலுக்குப் போக்கெடமில்லை. கடைசியா ரோட்டு மேல போயி நின்னுக்கிச்சு. ரோட்டுல ஊடு கட்டுவமான்னு டீச்சரம்மா கேட்டாங்க. ஐயரு சிரிச்சுட்டாரு.

எங்கூட்டுக்காரரு என்ற பக்கம் திரும்பிச் சொன்னாரு. கல்யாணம் பண்ண நாள்ல இருந்து அத்தன நீளமா அவரு பேசுனதில்லை. நகரு போடறப்பவே பூங்காவுக்குன்னு எடம் ஒதுக்கி ஊராட்சிக்கு எழுதிக் குடுத்தர்றாங்களாம், அதை விக்கறதுக்கு யாருக்கும் பாத்தியதை இல்லையாம். பத்திரமே கையில இருந்தாலும் ஊடு கட்ட அனுமதி கெடைக்காதாம், மீறிக் கட்டுனா இடிச்சுப் போடுவாங்களாம். "மயிலு, உன்ற ஆணியை இடிச்ச செவுத்துல இருந்து பொறுக்க வேண்டாம்னுதான்"ன்னாரு. அதுக்கு மேல அவருக்கு வரலை.

எனக்கு வந்துச்சுங்க. அழுதன். பட்டுச் சேலையோட மண்ணுல உக்காந்து, முந்தானையில இருந்த ஆணியைப் புடிச்சுட்டு, ஊரே பாக்க அழுதன். ஆறு வருசக் கனவு போச்சு, வளையலு போச்சுன்னு அழுதன். வளையலு போகலை, அதைச் சொல்லிப்போடறன். பொங்கியண்ணன் நழுவப் பார்த்தாரு, நடக்கற சனம் அவரைச் சுத்தி நின்னுக்கிச்சு. டீச்சரம்மா ஊட்டுக்காரரு வக்கீலு. மக்யா நாளு விடிஞ்சதும் வளையலு என்ற கைக்கு வந்துருச்சு.

நான் அழுதுட்டு இருக்கறன், எங்கயோ எண்ணெய் வாசம் வருது. நிமுந்து பாக்கறன், பூசைக்கு வெச்சிருந்த நல்லெண்ணெயை எடுத்துட்டுப் போயி எங்கூட்டுக்காரரு ஊஞ்சலு சங்கிலிக்கு ஊத்திட்டு இருக்கறாரு. ஊத்தி, ஆட்டிப் பார்த்தாரு. சத்தமில்லை. என்னைக் கைகாட்டிக் கூப்புட்டாரு. போயி உக்காந்தன். தள்ளி விட்டாரு. அம்முணி, அம்பது வயசுல, பட்டுச் சேலை பறக்க, வேப்ப மரத்துக்கு மேல வரைக்கும் போனனுங்க! அழுகை எங்க போச்சுன்னே தெரியலை, வவுத்தைப் புடிச்சுட்டுச் சிரிக்கறன். ஊரு பூராச் சிரிக்குது. எனக்கப்புறம் டீச்சரம்மா ஏறுனாங்க. பொங்கலு, சுண்டலு எல்லாத்தையும் அங்கியே பரிமாறிப்போட்டம். பலகையை நடக்கற சனமே சேர்ந்து நட்டு வெச்சுட்டாங்க. குங்குமப் பொட்டோட இன்னமும் நிக்குது.

எல்லாம் அம்மன் வேலைங்க. அவதான் இவரு கையைப் புடிச்சுப் பலகையைத் திருப்ப வெச்சா. அந்த வரைபடம் இவரு பையில எப்படி வந்துச்சுன்னு இன்னமும் எனக்கு ஆச்சரியந்தான். ஆபீசு முத்திரையில திங்கக்கெழமை தேதி. பல்லு வலின்னு போனாரே, அதே திங்கக்கெழமை. அம்மன் எந்தெந்த வழியில வேலை செய்யறா பாருங்க.

அப்புறம் சின்னதா ஒரு மனை பார்த்தம். ஊஞ்சலு இல்லை. மரம் இல்லை. மொதல்ல ஆபீசு, அப்புறந்தான் கோயலு. ஆபீசுல நான் கேட்ட கேள்விக்கு அந்தப் புள்ள ரெண்டு டம்ளரு தண்ணி குடிச்சுது. ரோடு எத்தன அடி, பக்கத்துக்கு எத்தன அடி விடோணும், மேல எத்தன மாடி, முன்னால இது கொளமா கெடந்துச்சா, பின்னால ரோடு போடற திட்டம் இருக்குதா, எல்லாம் கேட்டன். அனுமதி வந்துச்சு. செவுரு இடுப்பளவு வந்ததும் எனக்குப் பொறுக்கலை, ஆணியை அடிச்சுப்போட்டன். செங்கல்லு ரெண்டாப் பொளந்துச்சு. மேஸ்திரி என்னைத் திட்டுன திட்டு இருக்குதே! பூச்சு காய்ஞ்சதுக்கப்புறம் மறுக்கா அடிச்சன். இவரு ஆணியைப் புடிச்சுக்கிட்டாரு, நான் சுத்தியல்ல அடிச்சன். மொத அடி இவரு கட்டை வெரல்ல. ரெண்டாவது அடி ஆணியில. மூணாவது அடியில எறங்கிச்சுங்க, எங்க சொந்தச் செவுத்துல.

அம்மன் படத்தை எடுத்தன். எடுத்துட்டு, வெச்சுட்டன். அனுமதி வரைபடத்தைக் கண்ணாடி போட்டு வெச்சிருந்தம், அதைத்தான் மொதல்ல மாட்டுனன். அம்மன் கோவிச்சுக்கலை. அவளுக்குப் பக்கத்துலயே இன்னொரு ஆணி. இப்ப நாங்க அடிக்கறதுக்கு யாரு கேக்கறது?

கிரகப்பிரவேசம் வர்ற வெள்ளிக்கெழமை. அதான் இன்னிக்குக் கோயலுக்குப் போயிட்டு வர்றம். போனதும் போனம், கடைசியா ஒரு பூவு கேட்டன். இவருகிட்டக் கூடச் சொல்லலை. தாயே, அன்னிக்கு என்னைக் காப்பாத்துனது நீதானா, அப்படின்னா வெள்ளையைக் குடு, அந்த மனுசன்தான்னா செவப்பைக் குடுன்னு கேட்டன். பூசாரி எடுத்துக் குடுத்தாரு. இந்தா பாருங்க, பையிலதான் இருக்குது, எல வாடக் கூட இல்லை. பிரிக்கலைங்க. பஸ்ஸு ஏறுனதுல இருந்து பொட்டலத்தையும் பாக்கறன், முன்னால சாஞ்சுட்டு இருக்கற அந்தத் தலையையும் பாக்கறன். மால ரெண்டு வாங்கியிருக்கறன். ஒண்ணு அம்மன் படத்துக்கு. இன்னொண்ணு அவரு கழுத்துல போட்டா வெக்கப்பட்டு ஓடிருவாரு, அதனால அவரு சட்டை மாட்டற ஆணியில போட்டர்றன்.

அந்த நோட்டீசை இப்படிக் குடுங்க. பதினேழு பி-யா? நெழலு தர்ற மரம் இருக்குதுன்னு போட்டிருக்குதே, சிமெண்டுத் திண்டு இருக்குதுங்களா? நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் அம்முணி, நேரா ஊராட்சி ஆபீசுல போயி வரைபடம் வாங்குங்க. அப்புறம் தரகரை உக்கார வெச்சு, பதினேழு பி எங்கன்னு தொட்டுக் காட்டச் சொல்லுங்க. வெரலு மட்டும் பொய் சொல்லாதுங்க.

ஏனுங்க, எந்திரிங்க. பல்லடம் வந்துருச்சு. நம்மூட்டுக்குப் போலாம்.